பஞ்சப்பாட்டு: புலம்பலா, சாட்சியா?

"பஞ்சப்பாட்டு பாடாதே!" இந்தச் சொல் புழங்காத தமிழ் வீடு உண்டா? சம்பளம் போதவில்லை என்று பிள்ளை சொன்னாலும், சரக்கு ஓடவில்லை என்று வியாபாரி சொன்னாலும் இதே பதில்தான். இல்லாமையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்புவது என்று இதற்குப் பொருள் கொள்கிறோம்.

இங்கே 'பாட்டு' என்றால் சொன்னதையே சொல்வது, அவ்வளவுதான் என்பார்கள் சிலர். 'பழைய பல்லவி' என்கிறோமே, அதுபோல. சரிதான். ஆனால் பஞ்சத்துக்கு நிஜமாகவே பாட்டு இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிப் பாட்டுகள் எழுந்தன, அச்சிலும் வந்தன. சிவகங்கைப் புலவர் வில்லியப்பப் பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' அந்தப் பஞ்சத்தைப் பற்றிய நூல்தான். மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதி உதவி கேட்கிறார் அதில்!

அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. பம்பாய் மாகாணத்து பூனாவையும் வாட்டியது. மாண்டவர் அரைக் கோடிக்கு மேல். நிவாரண வேலை செய்தவர்களுக்குத் தானிய அளவை ஒரு ராத்தலாகக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். 1870-இல் தோன்றிய பூனா சார்வஜனிக் சபை, ஊர் ஊராகச் செய்தி திரட்டி, இது போதாது என்று அரசுக்கு எழுதியது. கும்மி சொன்னதும் மனு சொன்னதும் ஒன்றுதான்: சோறு இல்லை.

இங்கே மராத்தியில் 'ரட்காணே' என்பார்கள், அழுகைப் பாட்டு. அதில் அழுகை தெரிகிறது, காரணம் தெரியவில்லை. நம் சொல்லிலோ காரணம்தான் முன்னால் நிற்கிறது. அப்படியிருந்தும் அதை வசவாக்கிவிட்டோம். பாடியவன் பசித்தவன், அதைப் பழிச்சொல்லாக்கியவன் வயிறு நிறைந்தவன் என்பது என் கருத்து.

பொய்ப் பாட்டும் உண்டு. வியாபாரி எனக்குத் தெரியாதா? வரி கட்டும்போது நானே பாடியிருக்கிறேன். ஆனால் 2020 ஊரடங்கின்போது நம்மூர்க் கூலியாள் ஒருவர் கடனுக்கு அரிசி கேட்டு வந்தார். பழைய பாக்கி இருந்தது. "பஞ்சப்பாட்டு வேண்டாம்பா" என்றேன். மறு பேச்சில்லாமல் போய்விட்டார். நாலு நாள் கழித்து மனசு கேட்காமல் அரிசியோடு போனேன். அறை பூட்டிக் கிடந்தது.

இப்போதெல்லாம் கடையில் யாராவது ஆரம்பித்தால், முழுவதும் சொல்ல விடுகிறேன். கணக்கு நோட்டைப் பிறகுதான் திறக்கிறேன்.