அளவெட்டி மேளமும் தஞ்சாவூர் மேளமும்

சென்னையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் கேட்டார்: "உங்க ஊர்லயும் நாதஸ்வரம் உண்டா சார்? இல்ல, இங்கேர்ந்துதான் ஆள் வரவழைப்பீங்களா?" அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தானிடம் மேளத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வியா அது?

அந்த மண்டபத்தில் மாப்பிள்ளையை வாசலில் எதிர்கொண்டது கேரளத்துச் செண்டை. மேடையோரம் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். ஐயர் கை காட்டினால் கெட்டிமேளம். மற்ற நேரத்தில் அவர்களை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அருமையான கல்யாணி ஒன்று பந்திச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. வாசித்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்குக் கேட்பவர்கள் வாய்க்கவில்லை. எங்கள் பக்கத்துக் கலியாணங்களிலும் கதை பேச்சு உண்டுதான். ஆனால் தவில் சூடேறினால் நாலு கிழவர்களாவது கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விடுவார்கள்.

மேளத்தின் மூலம் சோழநாடு என்பதை நாங்கள் மறுப்பதில்லை. எங்கள் மேளகாரக் குடும்பங்கள் பலவற்றின் வேர் தஞ்சைப் பக்கம்தான். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தை, ஆச்சா மரத்தில் கடைந்த அந்த வாத்தியத்தை, எங்கள் வித்துவான்களும் போற்றுகிறார்கள். தோடி என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று சொல்லித்தான் நாங்களும் வளர்ந்தோம். காருகுறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை' படத்துப் பாட்டு ஒன்றுக்கு வாசித்த பிறகு, அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் திருவிழாவும் நிறைவதில்லை.

விதை அங்கேயிருந்து வந்ததுதான். அது இந்த மண்ணில் வேறொரு மரமாக எழுந்தது என்பதே என் வாதம். இங்கே மேளத்தை வளர்த்தவர்கள் அரசர்களோ ஆதீனங்களோ அல்லர், உபயகாரர்கள். பத்து நாளோ இருபத்தைந்து நாளோ நடக்கும் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின், ஒரு குறிச்சியின் உபயம். நேற்றைய திருவிழாவை இன்றைய திருவிழா வெல்ல வேண்டும் என்ற வீறாப்பு. மேளக் குழுவை அங்கே 'செட்' என்கிறார்கள். நாங்கள் 'கூட்டம்' என்போம். "இண்டைக்கு எத்தினை கூட்டம் மேளம்?" என்பதே ஊரின் கேள்வியாக இருந்த காலம் அது. கடல் கடந்து இந்திய வித்துவான்களை அழைத்ததும் இந்தப் போட்டியால்தான். வந்தவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் அளவெட்டி, இணுவில் கூட்டங்களும் இருந்தன.

சுவாமி வெளிவீதி வந்து ஒரு மூலையில் நின்றால் மேளம் தொடங்கும். வெள்ளை மணலில் சனம் வட்டமாக இருந்துவிடும். தாளத்தைத் தொடையில் போட்டபடி விடியும்வரை கேட்கும் கமக்காரர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள். தவிற்சமா தொடங்கினால் நாதஸ்வரகாரர் சீவாளியை எடுத்துவிட்டு ஒதுங்க, தவில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் கழி, எதிரே கணக்குத் தவறினால் உடனே முணுமுணுக்கும் சபை. தமிழகத்துக் கோயில்களிலும் மல்லாரி முழங்கச் சுவாமி புறப்படுகிறது. சிதம்பரத்து ஆருத்திராவுக்குப் போய் வந்தவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கும் ஆசை வருகிறது. ஆனால் தவிலைத் தனியே கேட்பதற்கென்று ஒரு கிராமம் முழுவதும் கண்விழித்திருக்குமா? அப்படி யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

இந்தச் சபையிலிருந்துதான் தட்சிணாமூர்த்தி வந்தார். 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்தவர். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தமிழகம் போனார். பிறகு அதே தமிழகத்து மேடைகளில் முன்வரிசைத் தவிலாக வாசித்தார். அங்கே அவருடைய பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து, 'யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி' என்றே சொன்னார்கள். திருவிழா விளம்பரத்தில் அந்த ஊர்ப்பெயர் எங்கள் எல்லோருக்குமாகப் பேசியது. 1975இல், நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில், போய்விட்டார். நாதஸ்வரத்தில் அதே அளவெட்டி எங்களுக்கு என். கே. பத்மநாதனைத் தந்தது. இந்த இரண்டு பெயர்களையும் அறியாத ஒருவர் "உங்க ஊர்லயும் உண்டா" என்று கேட்டால் எனக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும்.

மேளகாரரை நடத்துவதில் சாதிக் கணக்கு இரு கரையிலும் இருந்தது. அதில் எங்கள் கைகள் சுத்தம் என்று சொல்ல வரவில்லை.

பிறகு போர். எங்கள் வலிகாமத்தின் வடக்குக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 1995இல் வலிகாமமே கிளம்பி நடந்தது. கோயில் வீதிகளில் புல் முளைத்தது. மேளகாரர் சிலர் கொழும்புக்கும், சிலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனார்கள். அங்கே புதிதாக எழுந்த கோயில்களில் கொடியேற்றத்துக்கு முழங்குவதும் இந்தத் தவில்தான். போரில்லாத நாட்டில் செண்டைக்கு இடம்கொடுத்தவர்களும், இத்தனைக்குப் பிறகும் மேளத்தைக் கைவிடாதவர்களும் ஒன்றா?

ஒன்றில் மட்டும் தமிழகத்தைப் பார்த்து நாங்கள் படிக்கத்தான் வேண்டும். பழனித் தேவஸ்தானம் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் என்றே பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இன்னும் தகப்பன் வீட்டு விறாந்தைதான் பள்ளிக்கூடம். மேளகார வீட்டில் பிறக்காத பிள்ளைக்குக் கழி பிடிக்க ஆசை வந்தால் அது எந்தப் படலையைத் தட்டும்? சப்பறத்துக்கும் மின்விளக்குக்கும் அள்ளிக் கொட்டும் எங்கள் திருவிழாச் சபைகள், ஒரு வருட உபயக்காசைச் சேர்த்து அளவெட்டியில் அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கட்டும்.