சவாரித் தம்பரும் நம் வாவிக்கரையும்

கேலிச்சித்திரத்தை இலக்கிய விசாரணைக்குள் அனுமதிக்க நம் பண்டிதர்கள் இன்றும் தயங்குகின்றனர். நாளிதழின் ஆயுள் ஒரு பகல். அதில் வரையப்பட்டதற்கும் அவ்வளவே ஆயுள் என்பது அவர்தம் எண்ணம் போலும். சி. சிவஞானசுந்தரத்தின் சித்திரங்களை ஊன்றி நோக்குவோர் இவ்வெண்ணத்தைக் கைவிட நேரும்.

1924இல் கரவெட்டியில் பிறந்த அவர், கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்று, கேலிச்சித்திரக்காரராக மீண்டார். ‘தினகரன்’ வாயிலாகச் சவாரித் தம்பர் பிறந்தார். 1960களின் முற்பகுதியில் கொழும்பில் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணம் பெயர்ந்த ‘சிரித்திரன்’ ஏட்டை அவரே ஆசிரியராயிருந்து நடத்தினார். 1996இல் மறைந்தார்.

அவர் படைத்த பாத்திரங்களுள் மிஸிஸ் டாமோடிரன் தனித்து ஆராயத்தக்கவர். தாமோதரன் என்னும் பெயர் ‘டாமோடிரன்’ ஆகும்போது திரிவது ஒலி மட்டுமன்று. தாய்மொழியை நாணத்துக்குரியதாகக் கருதிய ஒரு நடுத்தர வர்க்கத்தின் வரலாறே அங்கு அம்பலமாகிறது. பல பக்கக் கட்டுரை சொல்ல வேண்டியதை அவர் பெயரிலேயே சொல்லிவிட்டார். (ஆங்கில மோகத்தை உத்தியோகத்தோடு வீட்டுக்குக் கொணர்ந்தோர் பெரும்பாலும் ஆண்களாயிருக்க, நகைப்புக்குப் பெண் இலக்கானது நமக்கு உடன்பாடன்று.) தம்பரோ மாட்டுவண்டிச் சவாரியின் புழுதியிலிருந்து எழுந்தவர். அவர் பேசுவது ஏட்டுத் தமிழன்று, வடபுலத்தாரின் வாய்த்தமிழ். அந்த நகைச்சுவையின் உயிர் அப்பேச்சிலேயே தங்கியுள்ளது.

ஆகவேதான் மட்டக்களப்பு வாசகராகிய நமக்கு ஒரு வினா எழுகிறது. எழுவான்கரையும் படுவான்கரையும் தமக்கென ஒரு தம்பரை ஏன் பெறவில்லை? போடியாரும் முல்லைக்காரனும் நிற்கும் களவெட்டியில் சித்திரக்காரனுக்கு விடயப் பஞ்சமா?

இச்சித்திரங்களை வகுப்பில் காட்டியபோது, படுவான்கரை மாணவன் ஒருவன் கணக்குக் கொப்பியின் பின்புறத்தில் ஒரு போடியாரை வரைந்து தந்தான். போடியாரின் கையிலிருந்த மரைக்கால் முல்லைக்காரனின் குடிசையினும் பெரிதாயிருந்தது. சிவஞானசுந்தரம் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆயின் முல்லைக்காரனின் வாயருகே வரைந்த வட்டம் வெறுமையாயிருந்தது. காரணம் வினவினோம். “அவன் பேசுற மாதிரி எழுதினா நீங்க பிழை போடுவீங்களே, சேர்,” என்றான்.

அவன் முந்தைய கட்டுரைக் கொப்பியைப் புரட்டினோம். வாவிக்கரைச் சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது நம் கையே.