நிரப்பும் இடத்தில் இல்லாத ரெகுலேட்டர்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதை நோக்கிப் போகும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிச் சூடு 10.8. குண்டின் நடுவும் இலக்கின் நடுவும் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை என்று அதற்குப் பொருள். எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தாலும் கையும் கண்ணும் மட்டும் இதைத் தந்துவிட முடியாது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் குண்டுக்குப் பின்னால் ஒரே அளவு காற்று, ஒரே அழுத்தத்தில் வந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது துப்பாக்கிக்குள் இருக்கும் விரல் நீள ரெகுலேட்டர்.

அதன் பயனைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போட்டித் துப்பாக்கியிலிருந்து குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 5 மீட்டர் குறைந்தால் தாழ்வு இன்னொரு மில்லிமீட்டர் கூடும். ஏர் ரைஃபிள் இலக்கில் 0.1 புள்ளிக்கு கால் மில்லிமீட்டர்தான் இடம். ஆக, சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே 0.4 புள்ளி போய்விடும். இறுதிச் சுற்றில் பதக்கம் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் கைமாறியதுண்டு.

ரெகுலேட்டர் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருப்பதும் அதுதான். சிலிண்டருக்குள் பல பார் அழுத்தம். அடுப்புக்குப் போவது ஒரு பாரில் சுமார் 3 சதவீதம். துப்பாக்கியில் இருப்பதும் அதே தத்துவம், அளவுதான் வேறு. சிலிண்டரில் 200 பார். சுடும் அறைக்கு வருவது, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறினாலும், போட்டி வகைகளில் பெரும்பாலும் 100 பாருக்குக் கீழே. கிண்ணம் போல் வளைந்த சிறு வட்டத் தகடுகளை எதிரெதிராக அடுக்கி, அவற்றின் நடுவே நுழைந்த ஒரு பிஸ்டன். சிலிண்டர் காற்று பிஸ்டனின் உள்துளை வழியாகச் சுடும் அறைக்குள் போகிறது. அங்கே அழுத்தம் ஏற ஏற, அதுவே பிஸ்டனைத் தகடுகளுக்கு எதிராகத் தள்ளுகிறது. குறித்த அளவு வந்ததும் பிஸ்டனின் நுனி தன் இருக்கையில் அழுந்தி வாசலை மூடிக்கொள்கிறது. சுட்டதும் அறையின் அழுத்தம் இறங்கும்; தகடுகள் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்; வாசல் மறுபடி திறக்கும். மின்சாரம் இல்லை, சிப் இல்லை. சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 120 பார் இருந்தாலும் குண்டுக்கு அது தெரியாது.

ரெகுலேட்டர் இல்லாத காலத்தை நினைத்தால்தான் இதன் அருமை புரியும். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்காக ஜிரான்டோனி செய்த காற்றுத் துப்பாக்கியில் பின்கட்டையே காற்றுக்கலன். அதை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்ப் அடிக்க வேண்டும். அப்படியும் அழுத்தம் சுமார் 55 பார்தான். அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸும் கிளார்க்கும் 1803-இல் தொடங்கிய பயணத்தில் அந்த வகைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுபோனார்கள். கலனில் காற்று குறையக் குறைய ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிட மெதுவாகப் போகும். அது பெரிய குறைதான். ஆனால் அந்தக் குறைக்குள் ஒரு செய்தியும் இருந்தது. கலனின் நிலையைத் துப்பாக்கி தன் சூட்டாலேயே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்றைய துப்பாக்கி தன் சூட்டால் எதையும் சொல்வதில்லை. ரெகுலேட்டரின் முழு வேலையே சிலிண்டரில் நடப்பதைச் சுடுபவரிடமிருந்து மறைப்பதுதான். துல்லியத்துக்கு அது வரம். ஆனால் அதனால் ஒரு தவறான நம்பிக்கையும் வளர்ந்துவிட்டது. ‘ரெகுலேட்டர் இருக்கிறது, பயமில்லை’ என்று நல்ல அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் மறுக்கிறேன். ரெகுலேட்டர் இருப்பது சிலிண்டருக்கு அப்பால். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதில் அதற்கு ஒரு பங்கும் கிடையாது. 200 பாருக்குச் செய்த சிலிண்டரில் 280 பார் ஏற்றிவிட்டாலும் குண்டு அதே 170 மீட்டரில் போகும், இலக்கில் அதே பத்து விழும். கையில் இருப்பது எவ்வளவு அபாயமான நிலையில் இருக்கிறது என்று சூட்டிலிருந்து சுடுபவருக்கு ஒரு அறிகுறியும் கிடைக்காது.

அந்தச் சிலிண்டர் எவ்வளவு சிறியது என்பதும் நம்மை ஏமாற்றுகிறது. 0.2 லிட்டர், ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும் இடம். அதற்குள் 200 பாரில் அடைபட்ட காற்று ஒரே கணத்தில் விடுபட்டால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 8000 ஜூல். குண்டு ஒன்றுக்குப் போவது 7.5 ஜூல் அளவில். ஆயிரம் குண்டுகளின் ஆற்றலைக் கன்னத்துக்குச் சில அங்குலம் கீழே வைத்துக்கொண்டுதான் நாம் குறிபார்க்கிறோம். நிரப்புவதற்காக ரேஞ்சின் மூலையில் நிற்கும் 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரில் இதைப்போல் 60 மடங்கு. ஏறத்தாழ 100 கிராம் டிஎன்டிக்குச் சமம். இதை பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்த சிலிண்டர் எளிதில் வெடிப்பதில்லை. 200 பார் சிலிண்டரை 300 பாரில் சோதித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அந்த இடைவெளி நம் கவனக்குறைவுக்காக ஒதுக்கியது அல்ல என்பதே என் பேச்சு.

கவனக்குறைவு பெரும்பாலும் நிரப்பும் இடத்தில்தான் நடக்கிறது. முறை எளிமையானது. துப்பாக்கியின் சிலிண்டரை அடாப்டரில் திருகி, பெரிய சிலிண்டரின் வால்வை மெல்லத் திறந்து, கேஜ் முள் வேண்டிய இடத்துக்கு வந்ததும் மூடி, இடையில் சிக்கிய காற்றைச் சிறு திருகு வழியாக வெளியேற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். பெரிய சிலிண்டரில் 200 பாருக்கு மேல் இல்லாதவரை இதில் ஓர் இயல்பான காப்பு உண்டு. இரண்டும் சமமானதும் காற்று தானாக நின்றுவிடும். 12 லிட்டரில் 200 பாரும் 0.2 லிட்டரில் 100 பாரும் சேர்ந்தால் 198-க்கு மேல் போக வழியில்லை. கை தவறினாலும் கணக்கு காப்பாற்றும்.

இப்போது அந்தக் காப்பு போய்க்கொண்டிருக்கிறது. எடை குறைவு, அதிக முறை நிரப்பலாம் என்று 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர்கள் ரேஞ்சுகளுக்குள் வந்துவிட்டன. அதனுடன் அதே பழைய 200 பார் துப்பாக்கிச் சிலிண்டரை இணைத்தால், வால்வில் இருக்கும் மனிதரின் கையும் கேஜ் மேல் இருக்கும் அவர் கண்ணும்தான் ஒரே எல்லை. பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால், அலைபேசி அடித்தால், முள் 250-ஐத் தாண்டிவிடும். விட்டுவிட்டால் 297 வரை போகும், அதாவது சோதனை அழுத்தத்தின் வாசல் வரை. துப்பாக்கிக்குள் ஒரு ரெகுலேட்டர் வைத்து வேகத்தை ஒரு மீட்டர் பிசகாமல் பார்த்துக்கொள்கிற நாம், நிரப்பும் குழாயில் 200-க்கு மேல் விடாத ஒரு ரெகுலேட்டரை வைப்பதில்லை. அப்படி ஒரு கருவி கடையில் கிடைக்காத பொருளும் அல்ல. இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடி.

அவசரம் அடுத்தது. வால்வைச் சட்டென்று திறந்தால் காற்று இடித்துக்கொண்டு நுழைந்து சூடாகும். 55 பாகை சூட்டில் கேஜ் 200 காட்டினால், ஆறி 30 பாகைக்கு வந்ததும் 185 ஆகிவிடும். ‘லீக் ஆகிறது’ என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இப்படிப்பட்ட ஆறிய காற்றுதான். அத்தோடு போனால் பரவாயில்லை. உள்ளே பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ இருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் அந்தச் சூட்டில் அது பற்றிக்கொள்ள முடியும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பதன் காரணம் இதுவே. ‘ஆக்ஸிஜன் சிலிண்டரும் காற்றுதானே’ என்று வெல்டிங் பட்டறையிலோ மருத்துவமனைச் சிலிண்டரிலோ நிரப்பப் பார்ப்பவர்களுக்கு ஒரே பதில்: எந்தக் காரணத்துக்கும் கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் அது வெடிகுண்டு.

வெயில் பற்றி நம் ஊரில் கூடுதலாகவே பேச வேண்டும். ஐரோப்பியர் எழுதிய கையேடு ஐரோப்பியக் குளிரில் எழுதியது. 27 பாகையில் 200 பார் நிரப்பிய சிலிண்டரை உச்சி வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால், 60 பாகையில் அது சுமார் 220 பார் ஆகும். காற்று ஏற்றியவர் எல்லையைத் தாண்டவில்லை, வெயில் தாண்டிவிட்டது. மாவட்டப் போட்டிக்கு முந்தைய நாளே ‘ஃபுல்லா காத்துப் பிடிச்சுக்கோ’ என்று பிள்ளைகளை அனுப்பும் பழக்கத்தை இதனாலேயே நான் ஏற்பதில்லை.

கை பம்ப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். அழுத்தத்தை உடம்பால் உணரவைப்பது அதன் நன்மை. 150 பாருக்கு மேல் கைப்பிடியை இறக்க முழு உடல் எடையும் வேண்டும், ஆகவே தவறுதலாக அளவு மீறுவது அரிது. பெரிய சிலிண்டரை வாங்கிப் பராமரிக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் இந்த விளையாட்டுக்கு வர அது வழி திறந்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். குறை ஈரம். சென்னைக் காற்றில், 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதம் என்றால், ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று வேண்டும். அதனுடன் கிட்டத்தட்ட ஒரு கிராம் நீரும் வருகிறது. அழுத்திய பிறகு அந்தச் சிறிய இடம் ஆவியாக வைத்துக்கொள்ளக்கூடியது சில மில்லிகிராம்தான். மீதி பம்பின் வடிகாலில் வெளியேற வேண்டும், உலர்த்தி வில்லைகளில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் சிலிண்டருக்குள் போய்த் தங்கும்.

தங்கிய ஈரம் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. உதிர்ந்த துகள் ரெகுலேட்டரின் இருக்கையில் போய் உட்காருகிறது. வாசல் முழுதாக மூடாது. சுடாமல் வைத்திருக்கும்போது அறையின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். காலையில் எடுத்துச் சுடும் முதல் குண்டு மட்டும் வேறிடத்தில் விழுந்தால், பிள்ளையின் நிலையைத் திருத்தும் முன் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ரெகுலேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு காற்றுத்துளையைக் கசிவு என்று நினைத்து அடைப்பவர்களும் உண்டு. அது பிஸ்டனின் தகடுகள் வெளிக்காற்றோடு தொடர்பில் இருப்பதற்கான துளை. அதில் காற்று சீறினால் உள்ளே ஓ-ரிங் போய்விட்டது என்று அது சொல்கிறது. அடைத்துவிட்டால் அழுத்தம் தன் அளவை மீறி ஏறும்.

கடைசியாக வயது. ஜெர்மானிய, ஆஸ்திரியப் போட்டித் துப்பாக்கிகளின் அலுமினியச் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டு என்று தயாரிப்பாளர் எல்லை வைக்கிறார். அலுமினியம் தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் கழுத்துப் பகுதியில் விரிசல் விடக்கூடும் என்பது ஸ்கூபா உலகம் கற்ற பாடம். 6351 என்ற கலவையை 1980களின் இறுதியில் கைவிட்டது அதனால்தான். சிலிண்டரின் காலாவதிக்குச் சுடுபவரே பொறுப்பு என்று பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதியும் சொல்கிறது. பெரிய சிலிண்டர்கள் இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன, குறித்த இடைவெளியில் நீரழுத்தச் சோதனைக்குப் போயாக வேண்டும். விதியில் குறையில்லை. பெரிய போட்டிகளில் கருவிச் சோதனையில் தேதியைப் பார்க்கிறார்கள். நான் போய்வந்த சிறு போட்டிகளில் பார்த்தவர் யாருமில்லை. இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வரும் துப்பாக்கிகள் அங்கேதான் அதிகம். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்துப் பட்டையில் ‘B-26’ போன்ற எழுத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அம்மாக்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் உள்ள ஒன்றை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் கொடுக்கிறோம், அடியில் பொறித்த ஆண்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் 200 தேவையா என்பதே என் கேள்வி. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், அதற்கு முன் 15 நிமிடத் தயாரிப்பில் சில. முழுச் சிலிண்டரில் 200 முறைக்கு மேல் சுடலாம். ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போகாதவரை முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒன்றே. முழுக்க நிரப்ப வேண்டிய தேவையை ரெகுலேட்டரே நீக்கிவிட்டது. பழக்கம்தான் இன்னும் அதை அறியவில்லை. நான் உதவிக்குப் போகும் ரேஞ்சில் கேஜ் கண்ணாடியில் 180-க்கு நேரே சிவப்புக் கோடு போட்டோம், சிலிண்டர்களின் ஆண்டை ஒரு நோட்டில் எழுதினோம், 300 பார் சிலிண்டருக்கு எல்லை வைக்கும் ரெகுலேட்டர் வரும்வரை அதைப் பூட்டி வைத்தோம். இந்தப் பருவம் முழுவதும் அங்கே ஒரு பிள்ளைகூடச் சுற்றின் நடுவில் காற்றில்லாமல் நிற்கவில்லை.