வீண் எது? சுமை எது?: தொடர் மேம்பாட்டுக் கோட்பாடும் மரக்காணம் உப்பளமும் ‘கரிப்பு மணிகள்’ புதினமும்

ஆய்வுச்சுருக்கம்

சிக்கன உற்பத்தி, தொடர் மேம்பாடு ஆகிய மேலாண்மைக் கருத்தாக்கங்கள் நம் சூழலில் பெரும்பாலும் ‘வீண் நீக்கம்’ என்னும் ஒற்றைப் பொருளில் எடுத்தாளப்படுகின்றன. அவ்வாசிப்பின் குறைபாட்டை, மரக்காணம் உப்பளத் தொழிலைக் களமாகவும் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ புதினத்தைத் துணைப் பனுவலாகவும் கொண்டு இக்கட்டுரை சுட்டிக்காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொடர் மேம்பாடு, கைசன், உப்பளம், மரக்காணம், கரிப்பு மணிகள், பணிப் பாதுகாப்பு

முன்னுரை

டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் தாயிச்சி ஓனோ. அம்முறை மூன்று தீமைகளைக் களையச் சொல்கிறது: முடா என்பது வீண், முரா என்பது ஏற்றத்தாழ்வு, முரி என்பது ஆள்மீதும் பொறிமீதும் ஏற்றப்படும் மிகைச்சுமை. 1986இல் மசாக்கி இமாயின் ‘கைசன்’ நூலும், 1990இல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் ஆகியோர் எழுதிய நூலும் இக்கருத்துகளை உலகெங்கும் பரப்பின. ஜப்பானிய மேலாண்மை முறைகள் தமிழகத் தொழிற்சாலைகளிலும் வேரூன்றின. மொத்தத் தர மேலாண்மைக்கான டெமிங் விருதைச் சுந்தரம் கிளேட்டன் 1998இலும் டிவிஎஸ் மோட்டார் 2002இலும் பெற்றன. ஆயினும் இப்பரவலில் முடா மட்டுமே முன்னிறுத்தப்பட்டது. மற்ற இரண்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே இருக்கும் ஒரு தொழிலில் பொருத்திப் பார்க்கும்போது இவ்விடுபாட்டின் விளைவு தெளிவாகிறது.

உப்பளத்தில் மேம்பாடு

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் கழுவெளிக்கு அருகே அமைந்தது மரக்காணம். இங்கு உப்பு விளைவிப்போரின் பணி தொடர் கவனிப்பை வேண்டுவது. ஏறத்தாழ 3 பாகை போமே அடர்த்தியுள்ள கடல்நீர், பாத்தி பாத்தியாக நகர்ந்து, சுண்ணப் பொருள்களையும் ஜிப்சத்தையும் படியவிட்டு, 25 பாகையை எட்டும்போது உப்பாக விளைகிறது. 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும், ஈரத்தையும் இழுக்கும். தளத்தை மிதித்து இறுக்குவது, நீரின் நிறம் கண்டு பதம் அறிவது, வாருபலகையால் மண் கலவாமல் உப்பை வாருவது ஆகிய ஒவ்வொன்றிலும் பட்டறிவு செயல்படுகிறது. பணி நடக்கும் இடத்திலேயே குறையைக் கண்டு அங்கேயே திருத்தும் இப்பண்பைத்தான் கைசன் போற்றுகிறது. எனவே உப்பளத் தொழிலாளருக்கு மேம்பாட்டுப் பண்பாட்டை வெளியிலிருந்து கற்பிக்கவேண்டும் என்ற கருத்து ஏற்புடையதன்று. அவ்வறிவின் பயன் யாரைச் சேர்கிறது என்பதே ஆராயத்தக்க வினா.

புதினம் காட்டும் மிகைச்சுமை

1979இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளங்களைக் களமாகக் கொண்டது, மரக்காணத்தைப் பற்றியதன்று. இரு கரைகளின் அளவும் உடைமை முறையும் வேறுபடுவதால் புதினத்தை மரக்காணத்தின் ஆவணமாகக் கொள்ளுதல் பிழையாகும். எனினும் உப்பளப் பணியின் உடல்சார் தன்மை இரண்டிற்கும் பொதுவானது. கண்ணைக் கூசச்செய்யும் வெண்மை, உப்புநீரில் வெடிக்கும் பாதம், பெண்கள் எதிர்கொள்ளும் அத்துமீறல் ஆகியவற்றைப் பொன்னாச்சியின் அனுபவத்தின்வழி ராஜம் கிருஷ்ணன் பதிவு செய்கிறார். மேலாண்மைச் சொல்லில் இவை அனைத்தும் முரி. கணக்கேட்டில் இவை இடம்பெறுவதில்லை. அம்பாரமாகக் குவிந்த உப்பை மட்டும் நோக்கும் கண்ணுக்கு இவை வீணாகக்கூடத் தோன்றா. புதினத்தைத் திறனாய்ந்தோர் அதன் களஆய்வுத் தன்மையைப் பாராட்டியும், ஆவணத்தன்மை கலையை மீறுவதாகக் குறைகூறியும் வந்துள்ளனர். அந்த ஆவணத்தன்மையே உற்பத்திக் கணக்கு விட்டுவிட்டதை ஈடுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மழைக்காலமும் பணிப் பாதுகாப்பும்

முராவுக்கு மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை என்று பெயர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் நீரில் மூழ்கும், உற்பத்தி நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது இக்கரையும் பெருமழையைச் சந்தித்தது. சிக்கன உற்பத்தியின் குறுகிய வாசிப்பில், வேலையற்ற காலத்துக்குக் கூலி தராமை சிக்கனம் எனப்படும். உண்மையில் அங்குச் செலவு நீங்கவில்லை. தொழிலாளர் குடும்பத்தின்மீது இடம்மாறியிருக்கிறது. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணம் வழங்குவதும் இவ்விடமாற்றம் நிகழ்வதற்குச் சான்று.

இங்கு டொயோட்டாவின் வரலாறு நினைக்கத்தக்கது. 1950இல் ஆட்குறைப்பை எதிர்த்து அங்குப் பெரும் தொழிற்போராட்டம் எழுந்தது; நிறுவனர் கிச்சிரோ டொயோடா பதவி விலகினார். தொழிலாளரின் யோசனைகளைக் கேட்டுப்பெறும் முறை 1951இல் தொடங்கியது. 1962இல் தொழிலாளரும் நிருவாகமும் கூட்டறிக்கை வெளியிட்டனர். தன் யோசனையால் தன் வேலையே பறிபோகாது என்னும் உறுதி இருந்தால்தான் தொழிலாளர் வாய் திறப்பர். 2001இல் அந்நிறுவனம் தன் நெறிகளைத் தொகுத்தபோது, தொடர் மேம்பாட்டோடு மனிதரை மதித்தலையும் இணைத்தூணாக வைத்தது இதனால்தான். பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் உப்பளத் தொழிலாளர்க்கு இவ்வுறுதி இல்லை. ஆகவே அவர்தம் அறிவு ஒவ்வொரு பருவத்திலும் பயன்படுகிறது. ஆனால் நிறுவனத்தின் நினைவாகத் திரள்வதில்லை.

முடிவுரை

மேம்பாட்டுப் பண்பாட்டைக் கட்டியெழுப்புவதற்கும் அதனை நிலைநிறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குத் திறமை போதும். பின்னதற்குப் பாதுகாப்பும் பங்கும் தேவை. மரக்காணம் போன்ற இடங்களில் மேம்பாட்டுத் திட்டம் வகுப்போர் முதலில் அளக்கவேண்டியவை நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, கண் பாதுகாப்பு, மழைக்கால வருவாய் ஆகியவற்றின் இன்மையையே. இவற்றை நலத்திட்டம் என ஒதுக்காமல் உற்பத்தி முறையின் குறையாகவே கருதுதல் வேண்டும். ஓனோ சொன்ன மூன்றனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் சிக்கனம், சுமையைப் பிறர் தோளுக்கு மாற்றும் உத்தியாகவே எஞ்சும். மேலாண்மையியலும் இலக்கியத் திறனாய்வும் இணைந்து ஆராயவேண்டிய களம் இது.