பத்து கார்டுகளில் ஒரு சங்கீதம்

தமிழ் வேதாகமத்தில் தாவீதின் பாடல்களுக்குச் சங்கீதம் என்றே பெயர். பாட்டும் இசையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதன் கையில் இருந்தவை மைல்ஸ் கவர்டேல் 1539-இன் பெரிய வேதாகமத்துக்கு மொழிபெயர்த்துத் தந்த உரைநடை வசனங்கள். ஒரு வசனம் ஏழெட்டுச் சொல்லில் முடியும், அடுத்தது முப்பதைத் தாண்டும். இந்த 150 சங்கீதங்களையும் காலை, மாலை எனப் பிரித்து மாதம் ஒருமுறை முடிக்கச் சொன்னது 1549-இன் பொது ஜெப நூல். 1662-இல் அதைத் திருத்தியவர்களும் கவர்டேலின் சங்கீதங்களை மாற்றவில்லை. வாய்க்குப் பழகிவிட்டன.

யாப்பில்லாத வசனத்தை எப்படிப் பாடுவது? யாப்பில் அடைத்துவிடுவது ஒரு வழி. ஸ்டெர்ன்ஹோல்ட், ஹாப்கின்ஸ் பெயரில் 1562-இல் முழுமையாக வந்த தொகுப்பு அதைச் செய்தது. ஊர்க்கோவில்களில் சபையாரே பாடினார்கள். கவிதையாக அது தேறாது. ஆனால் அதே வழியில் வந்த பேராயர் பார்க்கரின் யாப்புச் சங்கீதங்களுக்கு இசையமைப்பாளர் டாலிஸ் அமைத்த ஒன்பது மெட்டுகளில் மூன்றாவது தப்பிப் பிழைத்தது. இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1910-இல் கிளாஸ்டர் பேராலயத்தில் அரங்கேற்றிய தந்தி இசைப் படைப்புக்கு அதுவே விதை.

இன்னொரு வழிதான் உண்மையான கண்டுபிடிப்பு. 1660-இல் மன்னராட்சி திரும்பியபின், கலைக்கப்பட்டிருந்த பாடகர் குழுக்கள் மீண்டும் கூடின. ஆங்கிலிக்கன் சாண்ட் அதன்பிறகே உருத்திரண்டது. நான்கு குரல்களுக்கு மொத்தம் பத்து கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகள். வசனத்தின் முற்பாதிக்கு நான்கு, பிற்பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியின் முதல் கார்டும் காத்திருக்கும். மூன்று சொல்லானாலும் முப்பது சொல்லானாலும் அதன்மேலேயே பேச்சு ஓடும். கடைசி அசைகள் வரும்போதுதான் மெட்டு நகரும். நம் விருத்தத்தில் தாளம் சொல்லுக்கு வழிவிடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். என்ன, இங்கே இருபது பேர் ஒரே மூச்சாகச் சொல்லியாக வேண்டும்.

எந்த அசையில் கார்டு மாறுவது? நெடுங்காலம் அது அந்தந்தக் குழுவின் பழக்கம். ஈலி பேராலய ஆர்கன் கலைஞர் ராபர்ட் ஜேன்ஸ் 1837-இல் குறியிட்ட சங்கீத நூலை அச்சிட்டார். நன்மையோடு ஒரு நோயும் பரவியது: சொற்களை அவசரமாக உருட்டிவிட்டு முடிவில் தடதடவென்று தாளம் தட்டுவது. சிட்னி நிக்கல்சன் முதலியோர் தயாரித்த 1928-இன் பாரிஷ் சால்ட்டர் என்ற சங்கீத நூல் பேச்சின் நடையை மீட்க முயன்றது.

மாதத்தின் பதினைந்தாம் நாள் மாலை இந்தக் கலைக்குப் பரீட்சை. அன்று 78-ஆம் சங்கீதம், 73 வசனங்கள். எதிரெதிர் வரிசைகளில் நிற்கும் டெக்கானி, கான்டோரிஸ் அணிகள் மாறிமாறிப் பாடும். தவளையும் கல்மழையும் எகிப்தின்மேல் இறங்கும்போது ஆர்கன் வாசிப்பவர் குறும்பாக ஏதாவது செய்வார்; மெட்டும் இடையில் மாறும்.

இதன் பக்கத்தில் பெரிய படைப்புகளை வைத்துப் பாருங்கள். 1902-இன் பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவுக்கு இசையமைப்பாளர் பாரி 122-ஆம் சங்கீதத்துக்கு அமைத்த இசை, பின்வந்த ஒவ்வொரு முடிசூட்டிலும் ஒலித்தது. அதில் கம்பீரம் முந்துகிறது, சங்கீதம் பிந்துகிறது. 1941 ஜனவரியில் இசையமைப்பாளர் ஹவல்ஸ் 42-ஆம் சங்கீதத்துக்குத் தந்த இசைதான் விதிவிலக்கு: அதில் வரும் மானின் தாகத்தை அது அவசரமின்றிப் பாடுகிறது.

பிபிசி வானொலி 1926 முதல் மாலை ஆராதனையை ஒலிபரப்பி வருகிறது. புதிதாகக் கேட்பவர்கள் ஆராதனையின் பெரிய பாடலுக்காகக் காத்திராமல், முதலில் வரும் சாண்டைக் கவனியுங்கள். பாரியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.