நோரா சென்ற பின்னர்

மணமுறிவின் பின்னர் நிலைகுலையாது வாழப் பெண்ணுக்கு வேண்டுவது மனத்திடம் என்பர். இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மனத்திடம் எங்கிருந்து பிறக்கிறது? இப்சன் 1879இல் எழுதிய ‘பொம்மை வீடு’ நாடகத்தை இக்கேள்வியுடன் நோக்குவோம்.

கதாநாயகி நோரா நீதிமன்றம் ஏறியவளல்லள். எனினும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, கணவனையும் தன்னையும் மணக்கட்டிலிருந்து விடுவித்தே வெளியேறுகிறாள். இதனைத் திடீர் விழிப்பு எனக் கொள்வாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணவனின் நோய் தீர்க்கப் பெற்ற கடனை அடைப்பதற்காக, முந்திய குளிர்காலத்தில் இரவிரவாகப் பிரதியெழுதிப் பணம் தேடியவள் அவள். களைத்தாள், ஆயினும் ஆண்மகனைப் போல் உழைப்பதாக எண்ணி மகிழ்ந்தாள். கதவைச் சாத்திய கையின் வலிமை அவ்வெழுத்து வேலையிலே பிறந்தது. அருகே தோழி லிண்டே நிற்கிறாள்: கணவனை இழந்தபின் கடை வைத்தும் பள்ளி நடத்தியும் தாயையும் தம்பியரையும் காத்தவள். தனித்து வாழ்தல் இயலும் என்பதற்கு அவளே சான்று.

1880இல் ஜேர்மன் மேடைக்கென இப்சன் வேறொரு முடிவை எழுத நேர்ந்தது. குழந்தைகளை விட்டுச் செல்லும் நோராவாக நடிக்க அங்குள்ள நடிகை மறுத்தமையே காரணம். புதிய முடிவில், உறங்கும் குழந்தைகளின் அறைவாயிலில் நிறுத்தப்பட்டதும் நோரா தளர்ந்து வீழ்கிறாள். பெண்ணின் மனத்தை முறிக்கச் சமூகம் ஏந்தும் ஆயுதம் குற்றவுணர்வே என்பதை அம்முடிவு தன்னையறியாமலே காட்டிவிட்டது.

வெளியேறிய பின்னர் என்ன? 1923இல் பீக்கிங்கில் மாணவியர் முன் லூ சூன் இதனையே கேட்டார். கையிற் பணமில்லாத நோரா கெட்டழிவாள், அன்றேல் திரும்பி வருவாள் என்றார். மெய்யே. ஆயின் பணத்தையும் மனத்தையும் வேறு பிரித்தல் ஆகாது. உழைத்துப் பெற்ற ஊதியம் பசியை மட்டும் ஆற்றுவதில்லை; தன்னால் முடியும் என்ற உறுதியையும் ஊட்டுகிறது.

கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் பெறலாகாது என்கிறாள் லிண்டே. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கலாகாதென எமது யாழ்ப்பாணத்துக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. மணவாழ்வில் தன் பொருளைத் தானே ஆளப் பழகாதவள், அது முறிந்த மறுநாள் மட்டும் தன்னம்பிக்கை கொள்வது எங்ஙனம்? மனத்திடம் உபதேசத்தால் வருவதன்று. உழைப்பும் உரிமையும் தோழமையும் சேர்ந்தே அதனை வளர்க்கும்.