சலிப்பும் சுவர்க்கமும்

செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கின் ‘மாக்ரோபுலோஸ்’ (1922) நாடகத்தின் நாயகி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து சலித்துப்போகிறாள். அவளைச் சான்றுகாட்டி, முடிவற்ற வாழ்வு விரும்பத்தக்கதன்று என ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதினார்.

இவ்வையம் நமக்குப் புதிதன்று. சுவனவாசிகள் அங்கிருந்து மாற விரும்பமாட்டார்கள் எனும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 108ஆம் வசனத்தை விளக்குகையில், ஓரிடத்தில் என்றென்றும் தங்குபவருக்குச் சலிப்பு வருமே என்ற எண்ணத்தை, 1373இல் மறைந்த இமாம் இப்னு கஸீர் எடுத்துரைத்து மறுக்கிறார்.

மறுப்புக்கு ஆதாரம் காஃப் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் உள்ளது என்பது என் துணிபு: விரும்பியதெல்லாம் கிடைத்த பின்னரும் இறைவனிடம் மேலும் உண்டு. நாயகிக்கு நீண்டது ஆயுள் மட்டுமே. அவள் நாடியவை எல்லைக்குட்பட்டவை. எல்லையற்றவனை அறிதல் எவ்வாறு தீரும்?

வில்லியம்ஸின் வினா சுவர்க்கத்தை வீழ்த்தவில்லை. இரண்டு ரக்அத்திலேயே சலிப்படையும் நம் உள்ளத்தை அது விசாரிக்கிறது.